கியர் குறைக்கும்போது வண்டி உதறுகிறதா? எந்த முறையை முதலில் பழகலாம்

கியர் ஏற்றுவதை ஒரு வாரத்தில் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். குறைப்பதில்தான் தகராறு. நாலாவதிலிருந்து மூன்றுக்கு இறக்கி கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு முட்டு முட்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் நம் ஹெல்மெட்டில் வந்து டொக்கென்று இடிக்கும். சரி, இதற்கு என்ன வழி என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். அப்பா, "கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே நில்லு, அப்புறம் எல்லா கியரையும் இறக்கு" என்பார். மெக்கானிக், "கிளட்ச்சை மெதுவா விடு" என்பார். கேடிஎம் வைத்திருக்கும் நண்பன், "நடுவுல ஒரு ரேஸ் கொடுக்கணும்டா" என்பான். ஷோரூமில், "ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியா எடுத்துடுங்க சார், பிரச்னையே இல்லை" என்பார்கள்.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்கு, ஏதோ ஒரு வேகத்துக்குப் பொருந்தும். ஆனால் 100 முதல் 160 சிசி வண்டியை ஊருக்குள் ஓட்டும் ஒரு புதியவர் எதை முதலில் பழக வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்பதை இவர்களில் யாரும் சொல்வதில்லை. என் கட்சி இதுதான்: பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தபின் கியரை இறக்கி, கிளட்ச்சை மெதுவாக விடுவது முதல் பாடம். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்தபடியே இறக்குவது இரண்டாம் பாடம். நடுவில் ரேஸ் கொடுப்பதற்கு அவசரமே இல்லை. ஸ்லிப்பர் கிளட்ச், அதாவது உதறலைத் தானே குறைக்கும் கிளட்ச், நல்ல வசதி, ஆனால் பயிற்சிக்கு மாற்று கிடையாது.

முதலில் உதறல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரே வேகத்தில் போகும்போது கியர் குறைந்தால் எஞ்சின் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். சாதாரண 5 கியர் வண்டியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் எஞ்சின் சுற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறும். மூன்றில் 4,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருந்தால் இரண்டில் 5,300 வாக்கில் இருக்க வேண்டும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல், அதே 4,000 என்றால் 6,000-ஐத் தாண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கிளட்ச்சைப் பிடித்து, கியரைத் தட்டுகிறோம். அந்த நேரத்துக்குள் எஞ்சின் 2,000-க்கு விழுந்துவிடுகிறது. கிளட்ச்சைப் பட்டென்று விட்டதும், மெதுவாகச் சுற்றும் எஞ்சினைப் பின் சக்கரம் ஒரு நொடியில் 5,000-க்கு மேல் இழுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்புதான் உதறல். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குபவர் பஸ் போகும் திசையிலேயே நாலு அடி ஓடினால் தப்பிப்பார், நட்டுக்குத்தலாக நின்றால் விழுவார். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் நடப்பதும் அதுவேதான்.

ஆக, உதறலைத் தவிர்க்க மூன்றே வழிதான். இறக்குவதற்கு முன் வண்டி வேகத்தைக் குறைத்து அந்த இடைவெளியைச் சின்னதாக்கலாம். இடைவெளி மெதுவாக நிரம்பும்படி கிளட்ச்சை நிதானமாக விடலாம். இல்லை, ஆக்சிலேட்டரால் எஞ்சினை முன்கூட்டியே மேலே ஏற்றி வைக்கலாம். மேலே சொன்ன ஆலோசனைகள் எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான், அப்பா சொன்னதைத் தவிர.

கிளட்ச்சைப் பிடித்தபடி உருட்டி நிறுத்துவது

அப்பாக்கள் சொல்லும் வழியில் உதறலே வராது, உண்மைதான். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் எங்கிருந்து வரும்? எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கும் நாள்வரை இதுவே போதும். ஸ்ப்ளெண்டரில் சிக்னலுக்கு முப்பது மீட்டர் முன்னால் கிளட்ச்சைப் பிடித்து, கடக் கடக்கென்று எல்லா கியரையும் இறக்கி நிற்பதை நம் ஊரில் பாதிப் பேர் ஆயுசுக்கும் செய்கிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு குறைகள் தெரிகின்றன. சிக்னலை நெருங்கும்போது திடீரென்று பச்சை விழுந்தால் வண்டி எந்த கியரில் இருக்கிறது, எது பொருந்தும் என்று தெரியாமல் தடுமாறுவோம். பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும், நாம் இரண்டாவதா மூன்றாவதா என்று காலால் தேடிக்கொண்டிருப்போம். இன்னொன்று, எஞ்சின் பிடிமானம் இல்லாமல் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். சமதளத்தில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போது இப்படி ஓட்டினால், 130 மி.மீ. டிரம் பிரேக் உள்ள 100 சிசி வண்டியில் பாதி வழியிலேயே பிரேக் சூடேறி பிடி தளரத் தொடங்கும். மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்வது சும்மா இல்லை.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் 'கிளட்ச் பிடித்தால் மைலேஜ் கூடும்' என்பதும் பெரும்பாலும் தவறு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 புகை விதிக்காக நம் பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு வந்துவிட்டன. இவற்றில் பலவற்றில், கியரில் ஓடும்போது ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் அளிப்பே நின்றுவிடும்; சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்ச்சைப் பிடித்துவிட்டால் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள பெட்ரோல் குடித்தாக வேண்டும்.

சரி, இந்த வழியை அடியோடு தள்ளிவிட வேண்டுமா என்றால், வேண்டாம். நாய் குறுக்கே ஓடி, திடீரென்று நிறுத்த வேண்டிய நேரத்தில் இதுதான் சரி. இரண்டு பிரேக்கையும் பிடி, கிளட்ச்சைப் பிடி, நின்றபின் கியரைப் பார். அந்த நொடியில் அழகாக கியர் குறைக்க நினைப்பது வீண் வேலை.

வேகம் குறைத்து, இறக்கி, மெதுவாக விடுவது

மெக்கானிக் சொன்னதில் பாதிதான் இருக்கிறது. 'மெதுவா விடு' என்பதற்கு முன்னால் 'வேகத்தைக் குறை' என்று ஒன்று இருக்கிறது. அதைச் செய்தால் மற்றது தானாகவே எளிதாகிவிடும்.

தெருவில் எதிர்ப்படும் ஒரு ஸ்பீட் பிரேக்கரை எடுத்துக்கொள்வோம். நாலாவது கியரில் 45-ல் வருகிறீர்கள். முதலில் ஆக்சிலேட்டரை மூடி, இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்து 30 வரை இறங்குங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, 'டுப் டுப்' என்று சோர்ந்து கேட்கத் தொடங்கும். அதுதான் இறக்க வேண்டிய நேரம். மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை, காதே போதும். கிளட்ச்சைப் பிடித்து மூன்றுக்கு ஒரு தட்டு. இப்போது இடது கை விரல்கள் லீவரை விடும்போது முதல் பாதியைச் சட்டென்று விடலாம், அங்கே ஒன்றும் நடக்காது. பிளேட்டுகள் ஒட்டத் தொடங்கும் இடம் வந்ததும் விரல்கள் அங்கேயே தயங்கி நிற்க வேண்டும். 'ஊம்ம்' என்று எஞ்சின் சுற்று ஏறுவது கேட்கும். ஏறி முடித்ததும் மிச்சத்தை விட்டுவிடலாம். மொத்தம் ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை. பிறகு 20-க்கு வந்து இரண்டாவதுக்கு இதையே திரும்பச் செய்யுங்கள். மேட்டை இரண்டில் ஏறி இறங்கி, அப்படியே போகலாம்.

புதியவர்கள் தவறுவது விரல் தயங்க வேண்டிய அந்த ஒரே இடத்தில்தான். லீவரின் முழு நீளத்துக்கும் ஒரே சீராக, ஆமை வேகத்தில் விடுகிறார்கள். கடைசியில் பொறுமை போய், ஒட்டும் இடம் வந்ததும் பட்டென்று விட்டுவிடுகிறார்கள். மெதுவாக விட வேண்டியது எந்த இடம் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்க வண்டியை ஓட்டவே வேண்டாம். சமதளத்தில் ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் லீவரை விட்டுக்கொண்டே வாருங்கள். வண்டி நகரப் பார்க்கும் இடம்தான் அது. நகர்ந்ததும் பிடித்துவிடுங்கள். நாலைந்து முறை செய்தால் விரல் கற்றுக்கொள்ளும்.

'இப்படி விட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிடும்' என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. நம் பைக்குகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடி இயங்குவது. பல பிளேட்டுகள் கொண்டது. ஒரு நொடி வழுக்கலை அது சர்வசாதாரணமாகத் தாங்கும். கிளட்ச்சைத் தின்பது வேறு: மேட்டில் பிரேக் பிடிக்காமல் பாதி கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பது, நெரிசலில் லீவரில் கை வைத்தபடியே முறுக்கிக்கொண்டு போவது. காருக்கான ஆயிலை பைக்கில் ஊற்றுவதும் கெடுதல்தான். டப்பாவில் நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

இந்த வழியின் குறை, நேரம் பிடிக்கும் என்பது. முந்துவதற்காகச் சட்டென்று ஒரு கியர் குறைத்து இழுக்க வேண்டும் என்றால் இது ஒத்துவராது. அப்போது வேகம் குறையவே கூடாது, எஞ்சின்தான் ஏற வேண்டும். அதற்கு அடுத்தது.

ஆக்சிலேட்டரைப் பிடித்தபடியே இறக்குவது

ரேஸ் கொடுப்பது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் சோம்பேறித் தம்பியான இந்த முறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் பிடித்தது.

செய்வது இவ்வளவுதான்: கியர் குறைக்கும்போது ஆக்சிலேட்டரை மூடாதீர்கள். சீராக 40-ல் போய்க்கொண்டிருந்தால் கைப்பிடி எவ்வளவு திரும்பியிருக்கிறதோ, அங்கேயே வலது கையை வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச்சைப் பிடித்ததும் சுமை போனதால் எஞ்சின் தானாகவே மேலே ஏறும். அந்த ஏற்றம் ஒரு கியர் குறைக்கத் தேவையான அளவுக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்து நிற்கும். தட்டி, விட்டுவிடலாம். மணிக்கட்டைத் துல்லியமாகத் திருப்ப வேண்டியதில்லை, திருப்பாமல் இருந்தாலே போதும். புதியவருக்குச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது சுலபம்.

கிளட்ச்சைப் பிடித்தபடி அரை நொடிக்கு மேல் தயங்கினால் எஞ்சின் ரொம்ப ஏறிவிடும். விடும்போது வண்டி முன்னால் தாவும். கால் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவே. லாரியை முந்துவதற்கும், மேடு ஏறும்போது வண்டி திணறும் நேரத்துக்கும் இதைவிட நல்ல வழி தெரியவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் ஒத்துவராது, ஏனென்றால் அப்போது ஆக்சிலேட்டர் மூடியிருக்கும். அங்கே முதல் பாடத்துக்கே திரும்பிவிடலாம். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் ஊருக்குள் ஓட்டுவதற்கு வேறொன்றும் தேவைப்படாது.

நடுவில் ரேஸ் கொடுப்பது

கிளட்ச் பிடித்திருக்கும் அந்தக் கண நேரத்தில் ஆக்சிலேட்டரை ஒரு சொடக்கு சொடக்கி, எஞ்சின் எகிறும்போதே கியரை இறக்கி விடுவது. வீடியோக்களில் பார்க்க அழகாக இருக்கும், கேட்கவும் நன்றாக இருக்கும். நன்றாகச் செய்பவர் பின்னால் உட்கார்ந்தால் கியர் மாறியதே தெரியாது.

ஆனால் அந்த வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் 600 சிசி, 1000 சிசி வண்டிகள். 150 சிசி வண்டியில் 35-ல் போகும்போது இவ்வளவு பாடு எதற்கு? உண்மையான சிக்கல் பிரேக்கோடு சேர்த்துச் செய்யும்போது வருகிறது. வலது கையின் இரண்டு விரல் முன் பிரேக்கை ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்க, அதே கையின் உள்ளங்கை ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். பழகாத கையில் இரண்டும் சேர்ந்தே நடக்கும்: முறுக்கும்போது பிரேக் இறுகும், அல்லது பிரேக் இறுகும்போது முறுக்கும். வளைவுக்கு முன்னால், மணல் கிடக்கும் இடத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஆறேழு மாதம் ஓட்டி, பிரேக் பிடிப்பது யோசிக்காமல் வரும் நிலைக்கு வந்தபின் ஒரு காலி சாலையில், முதலில் பிரேக் இல்லாமல், பழகிப் பாருங்கள்.

வண்டிக்கு வண்டி இதில் வித்தியாசம் உண்டு. ராயல் என்ஃபீல்டின் 350 சிசி எஞ்சின் 6,100 ஆர்பிஎம்-இல் 20 குதிரைத்திறனைக் கொடுத்து முடித்துவிடும் நிதானமான எஞ்சின். அதன் சுற்று மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். அதில் சொடக்கு கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், ஆனால் அவகாசம் தாராளமாகக் கிடைக்கும். கேடிஎம் 390 டியூக்கில் தொட்டாலே எகிறும். புதியவர் கை எப்போதும் அளவு மீறிவிடும். புல்லட்காரர்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வதற்குக் காரணம் திறமை மட்டுமில்லை என்கிறேன், சண்டைக்கு வராதீர்கள்.

கிளட்ச்சே பிடிக்காமல் இறக்கும் வித்தை ஒன்றும் உண்டு. குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் மின்னணு வசதி) இல்லாத வண்டியில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

வண்டியையே மாற்றுவது

ஸ்லிப்பர் கிளட்ச் செய்வது என்ன என்று தெரிந்தால் அதற்குக் காசு கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம். சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. கியர் குறைத்து கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. அப்படித் தள்ளும்போது கிளட்ச்சின் உள்ளே சாய்வாக வெட்டப்பட்ட பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பிளேட்டுகளின் இறுக்கத்தைத் தளர்த்திவிடும். அதாவது, உங்கள் விரல்கள் தயங்க வேண்டிய வேலையை அது செய்கிறது. கூடவே 'அசிஸ்ட்' என்று சேர்த்துச் சொல்லும் வகையில் லீவரும் மெத்தென்று இருக்கும். சென்னை, கோவை நெரிசலில் தினமும் ஓட்டுபவருக்கு ஸ்லிப்பரைவிட அதுதான் பெரிய லாபம்.

2018-ல் வந்த யமஹா ஆர்15-இன் மூன்றாம் பதிப்பிலும், அதே ஆண்டின் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இலும் இது இருந்தது. அப்பாச்சி ஆர்டிஆர் 200, டாமினார் 400 ஆகியவற்றிலும் உண்டு. ஆனால் 100 சிசி வண்டி வாங்க வந்தவர் இதற்காக 200 சிசிக்குப் போவது அர்த்தமில்லாதது. சிறிய எஞ்சினின் இழுப்பே குறைவு, ஸ்லிப்பர் காப்பாற்றும் அளவுக்கு அங்கே ஆபத்தும் குறைவு. இரண்டு பக்கமும் வேலை செய்யும் குயிக்‌ஷிஃப்டர் (2023-ல் வந்த அப்பாச்சி ஆர்டிஆர் 310-இல் கூடுதல் காசுக்குக் கிடைக்கிறது) இறக்கும்போது தானே ரேஸ் கொடுத்துக்கொள்ளும். சுகம்தான். அதிலேயே பழகிவிட்டு நண்பனின் ஷைனை இரவல் வாங்கி ஓட்டும் நாளில் தெரியும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் நினைக்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம், ஆனால் பல வண்டிகளில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். இரண்டு சக்கரத்துக்கும் இருந்தாலும், ஏபிஎஸ்ஸால் பிரேக்கைத்தான் தளர்த்த முடியும். மழையில் இரண்டு கியர் சேர்த்து இறக்கி கிளட்ச்சை விட்டு, எஞ்சின் இழுப்பில் பின் சக்கரம் சிக்கிச் சறுக்கினால் அதற்கு அதனிடம் மருந்து இல்லை. கையில் இருக்கும் லீவரை மறுபடி பிடிப்பதுதான் மருந்து. இதை மழைக்காலத்துக்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பழகும் முன் இரண்டு விஷயம்

ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா போன்ற 4 கியர் வண்டிகளில் முன் மிதியை அழுத்தினால் கியர் ஏறும், பின் மிதியைக் குதிகாலால் அழுத்தினால் குறையும். பல்சர், அப்பாச்சி வகையில் ஒன்றாவது கியர் கீழே, மற்றவை மேலே. முன் மிதியை அழுத்தினால் குறையும். ஒன்றில் பழகிவிட்டு மற்றதில் ஏறினால் குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிடுவீர்கள். தாத்தா வீட்டுப் பழைய புல்லட் என்றால் கியரே வலது காலில், அதிலும் ஒன்று மேலே, மற்றவை கீழே, அது தனிக்கதை.

இன்னொன்று, உதறல் எல்லாமே உங்கள் தவறு என்று நினைத்துவிடாதீர்கள். செயின் தொளதொளவென்று தொங்கினால் எவ்வளவு நிதானமாக விட்டாலும் வண்டி குலுங்கும். பல வண்டிகளில் செயினின் நடுவில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம்தான் கணக்கு, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டிலோ செயின் கார்டு பக்கத்து ஸ்டிக்கரிலோ இருக்கும். கிளட்ச் லீவரின் நுனியில் பெரும்பாலும் 10 முதல் 20 மி.மீ. சும்மா ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் முழுக்க விடுபடாது, கியர் முரண்டு பிடிக்கும், நியூட்ரல் விழாது. கேபிள் அட்ஜஸ்டரை இரண்டு சுற்று திருப்பினால் சரியாகிவிடும் வேலை. அதைச் செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பின்னால் யாரையும் ஏற்றாமல், 45-லிருந்து 20 வரை இறங்கிப் பழகுங்கள்.